விண்வெளிக்கு ஏன் ஆறு பக்கம்?

விண்வெளியில் இரண்டு கப்பல்கள் சண்டை போட என்னென்ன வேண்டும்? சினிமாக்காரரைக் கேட்டால் கோடிக்கணக்கில் பட்ஜெட் சொல்வார். கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்பார். 1970களின் அமெரிக்க இளைஞர்களுக்கு ஒரு பெரிய தாள், ஒரு பென்சில், இரண்டு பகடை, அரை அங்குல அட்டைத் துண்டுகள் கொஞ்சம் போதுமானதாக இருந்தன. கையில் காசு புழங்கியவர்கள் அட்டைக்குப் பதிலாக உலோகத்தில் வார்த்த விரல் நீளக் கப்பல்களை வாங்கி, பெயின்ட் அடித்து, குட்டிக் கம்பத்தின் மேல் நிறுத்தி வைத்தார்கள். கீழே விரித்திருக்கும் தாளில் மட்டும் மாற்றமில்லை. தேன்கூடு மாதிரி, தாள் முழுக்க அறுகோணங்கள்.

அந்த அறுகோணம் விண்வெளிக்காகப் பிறந்ததில்லை. தரைப்படைச் சண்டைக்காக வந்தது. கதை பால்டிமோர் நகரில் சார்லஸ் எஸ். ராபர்ட்ஸ் என்பவரிடம் தொடங்குகிறது. 1954இல் 'டாக்டிக்ஸ்' என்ற போர் விளையாட்டை அவர் சொந்தமாக வெளியிட்டார். 1958இல் ஆவலான் ஹில் கம்பெனி. அந்த வருடம் வந்த 'கெட்டிஸ்பர்க்' விளையாட்டில் கட்டங்கள் சதுரம்தான். பிறகு ராண்ட் கார்ப்பரேஷனில் (அமெரிக்க ராணுவத்துக்காக யோசித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த நிறுவனம்) நடந்த ஒரு போர் ஆட்டத்தின் புகைப்படம் ராபர்ட்ஸ் கண்ணில் பட்டது. மேசை மேல் அறுகோணங்கள்! 1961இல் ஆவலான் ஹில் வெளியிட்ட விளையாட்டுகளில் அறுகோணம் வந்துவிட்டது. அதற்கடுத்து இருபது முப்பது வருடங்களுக்கு அது போகவே இல்லை. ஆனால் ராபர்ட்ஸ் போய்விட்டார். 1963 கடைசியில் கடன் கழுத்தை நெரிக்க, கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது. துறையையே உருவாக்கியவர் ஐந்தே வருடத்தில் துறையை விட்டு வெளியே. பேலன்ஸ் ஷீட்டுக்குக் கண்ணீர் தெரியாது.

சதுரத்தில் என்ன குறை? ஒரு தாளும் பென்சிலும் எடுத்தால் புரிந்துவிடும். சதுரக் கட்டத்தில் பக்கவாட்டில் ஒரு கட்டம் போனால் தூரம் 1. மூலைவாக்கில் ஒரு கட்டம் போனால் உண்மையான தூரம் 1.41. இரண்டையும் 'ஒரு கட்டம்' என்று எண்ணினால், குறுக்கே போகிறவருக்கு 41 சதவீதம் இலவசப் பயணம். சதுரங்கத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் துப்பாக்கி எட்டுமா எட்டாதா என்று பார்க்கும் ஆட்டத்தில் இது பெரிய ஓட்டை. அறுகோணத்தில் ஆறு பக்கத்து வீடுகளும் ஒரே தூரம். பிழை முழுசாகப் போய்விடாது. இரண்டு திசைகளுக்கு நடுவே முப்பது டிகிரியில் போகிறவர் வளைந்து வளைந்து போக வேண்டும், அவர் எண்ணும் கட்டங்கள் உண்மைத் தூரத்தைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம். 41 எங்கே, 15 எங்கே? நாற்பது பைசா ஏமாற்றுகிறவனை விட்டுவிட்டுப் பதினைந்து பைசா ஏமாற்றுகிறவனிடம் கணக்கு வைத்துக்கொள்வது மாதிரி.

அறுகோணம் இல்லாமலும் கப்பல் சண்டை நடந்திருக்கிறது. போர்க்கப்பல் பட்டியல் நூல்களால் புகழ்பெற்ற இங்கிலாந்துக்காரர் ஃபிரெட் ஜேன் 1898இலேயே கடற்போர் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார். நியூயார்க்கில் எழுத்தாளர் ஃபிளெட்சர் பிராட் 1930களில் நண்பர்களைக் கூட்டி, தரையில் மரக் கப்பல்களைப் பரப்பி ஆடினார். அவர் ஆட்டத்தில் பகடை வைத்துச் சுடுவதில்லை. எதிரிக் கப்பல் எத்தனை அங்குலத் தூரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட்டுச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு அளந்து பார்ப்பார்கள். எழுதிய இடத்தில் கப்பல் இருந்தால் அடி, இல்லாவிட்டால் குண்டு தண்ணீரில். விதிகள் 1940இல் புத்தகமாக வந்தன. வேடிக்கை என்னவென்றால் பிராட் அறிவியல் புனைகதையும் எழுதியவர். இருந்தும் தரையில் அவர் பரப்பியதெல்லாம் கடல் கப்பல்கள்தான்.

அந்தத் தரையை விண்வெளியாக்கியவர்களில் முக்கியமானவர் லூ ஸாக்கி. பிற்காலத்தில் நூறு பக்கம் கொண்ட பகடையைச் செய்து (1985) பெயர் வாங்கியவர். 1973இல் வந்த அவருடைய 'ஏலியன் ஸ்பேஸ்' ஆட்டத்தில் கட்டமே கிடையாது. ஒவ்வொரு கப்பலும் ஒரு அட்டை. அட்டையில் திசைகாட்டி மாதிரி கோண அளவுகள். எந்தக் கோணத்தில் சுடுகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவிட்டு, அட்டையின் நடுவிலிருந்து ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் எதிரியின் மேல் போனால் அடி. பிராட்டின் அதே தந்திரம்தான், தூரத்துக்குப் பதில் கோணம். நூலைப் பிடிக்கிற கை கொஞ்சம் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எத்தனை நட்புகள் அந்த நூலில் அறுந்தனவோ!

அறுகோணத்தின் உண்மையான லாபம் இங்கேதான் தெரியும். கணிதத் துல்லியம் இரண்டாம் பட்சம். சண்டை வராது, அது முதல் பட்சம். 'என் கப்பல் இந்தக் கட்டத்தில், உன் கப்பல் அந்தக் கட்டத்தில், நடுவே எட்டு' என்றால் எட்டுதான். ஏழே முக்கால் என்று யாரும் வாதாட முடியாது.

அதே 1973இல் இலினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில், ஜிடிடபிள்யூ என்ற கம்பெனி தொடங்கியது. (ஊர் பெயரே நார்மல். அங்கே செய்த காரியம் அப்படியில்லை.) மார்க் மில்லரும் ஜான் ஹார்ஷ்மனும் அங்கே உருவாக்கிய 'டிரைபிளானெட்டரி' இந்த வரலாற்றின் மிக அழகான ஒரு யோசனையைக் கொண்டு வந்தது. அதைப் புரிந்துகொள்ள நியூட்டனைக் கொஞ்சம் கூப்பிட வேண்டும்.

கடலில் இன்ஜினை நிறுத்தினால் கப்பல் மெல்ல நின்றுவிடும். விண்வெளியில் நிற்காது. போன வேகத்தில் போன திசையில் போய்க்கொண்டே இருக்கும். முகத்தைத் திருப்பினால் கப்பல் திரும்பும், பயணம் திரும்பாது. இதைத் தாளில் எப்படிக் காட்டுவது? டிரைபிளானெட்டரியின் வரைபடத்தின் மேல் அழிக்கக்கூடிய கிரீஸ் பென்சிலால் கோடு போடுவார்கள். இந்தச் சுற்றில் கப்பல் இங்கிருந்து அங்கே போனது என்று ஒரு அம்பு. எரிபொருள் செலவழிக்காவிட்டால் அடுத்த சுற்றில் அதே நீளத்துக்கு, அதே திசையில் இன்னொரு அம்பு. ஒரு அலகு எரிபொருள் செலவழித்தால் அந்த அம்பின் நுனியை ஒரே ஒரு கட்டம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்தலாம். கோளுக்குப் பக்கத்துக் கட்டங்களில் ஈர்ப்பு உண்டு. அதன் வழியாகப் போனால் அம்பின் நுனி கோளை நோக்கி ஒரு கட்டம் தானாகவே இழுக்கப்படும்.

விதி இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்தச் சின்ன விதியிலிருந்து கோளைச் சுற்றி வட்டமடிப்பது தானாகவே பிறக்கிறது. ஒரு கட்டம் வேகத்தில் கோளின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தால், ஈர்ப்பு ஒவ்வொரு சுற்றும் இழுத்து இழுத்து, கப்பல் எரிபொருளே இல்லாமல் கோளைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். சுற்றுப்பாதை என்ற ஒன்றை யாரும் விதியாக எழுதவில்லை! பிளஸ் டூ இயற்பியலில் மனப்பாடம் செய்து மறந்துபோன சங்கதியை இங்கே விரலால் தொட்டுப் பார்க்கலாம். புதிதாக ஆடுகிறவர் செய்யும் தவறும் எல்லோருக்கும் ஒன்றுதான். செவ்வாயை நோக்கி ஆர்வமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். பாதி வழியிலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது செவ்வாயைத் தாண்டிய பிறகுதான் உறைக்கும். கையில் எரிபொருள் இருக்காது. அம்பு மட்டும் வரைபடத்தின் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

மார்க் மில்லர் 1977இல் 'டிராவலர்' என்ற புகழ்பெற்ற விண்வெளிப் பாத்திர விளையாட்டை உருவாக்கினார். அதற்குத் துணையாக 1978இல் வந்த 'மேடே'யில் பென்சில் போய்விட்டது. ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று அட்டைத் துண்டுகள்: நேற்று இருந்த இடம், இன்று இருக்கும் இடம், நாளை இருக்கப்போகும் இடம். நாளையை மட்டும்தான் நகர்த்த முடியும், அதுவும் கொஞ்சமாக. தத்துவம் மாதிரி இருக்கிறது, ஆனால் வெறும் வெக்டார் கூட்டல்தான்.

இந்த அளவுக்கு நேர்மையான ஆட்டம்தான் மார்க்கெட்டைப் பிடித்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. பிடித்தது நியூட்டனைக் கிட்டத்தட்டக் கதவுக்கு வெளியே நிறுத்திய ஒரு ஆட்டம்.

1979. டெக்சாஸ் மாநிலம், அமரில்லோ. ஸ்டீபன் வி. கோல், ஆலன் எல்ட்ரிட்ஜ் இருவரும் டாஸ்க் ஃபோர்ஸ் கேம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்குகிறார்கள். அன்று பெரிய பெட்டியில் வரும் விளையாட்டுகளுக்கு மாற்றாக, சட்டைப் பையில் அடங்கும் மலிவு விளையாட்டுகள் பிரபலமாகிக்கொண்டிருந்தன. மெட்டாகேமிங் என்ற கம்பெனி 1977இல் 2.95 டாலருக்கு அப்படி ஒரு வரிசையைத் தொடங்கியிருந்தது. அந்த வரிசையில் அதே வருடம் வந்த 'வார்ப்வார்' பகடையே இல்லாத ஆட்டம். கப்பலின் சக்தியை ஓட்டத்துக்கு எவ்வளவு, ஆயுதத்துக்கு எவ்வளவு, கவசத்துக்கு எவ்வளவு என்று ரகசியமாக எழுதி, இருவரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். டாஸ்க் ஃபோர்ஸும் ஜிப்லாக் பைக்குள் போட்டுத்தான் விற்றது. அந்தப் பைகளில் ஒன்றில் இருந்ததுதான் 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்'. ஸ்டார் டிரெக் உலகத்துக் கப்பல்கள் மோதும் ஆட்டம்.

ஸ்டார் டிரெக் பெயரை வைத்து ஒரு சின்ன ஊர்க் கம்பெனி எப்படி வியாபாரம் செய்தது? காமர்ஸ் மாணவர்களுக்கு இங்கே நல்ல தீனி இருக்கிறது. அவர்கள் ஸ்டுடியோவின் வாசலுக்குப் போய் நிற்கவில்லை. ஃபிரான்ஸ் ஜோசப் என்ற வரைபடக் கலைஞர் 1975இல் 'ஸ்டார் ஃப்ளீட் டெக்னிக்கல் மேனுவல்' என்ற புத்தகத்தை வெளியிட்டிருந்தார். தொலைக்காட்சியில் காட்டாத கப்பல்களையும் அவரே யோசித்து, உண்மையான கப்பற்படைக் கையேடு மாதிரி வரைந்து தள்ளிய புத்தகம். சக்கைப்போடு போட்டது. கோலுக்கு உரிமம் கிடைத்தது அந்த ஃபிரான்ஸ் ஜோசப்பிடமிருந்து. லூ ஸாக்கியும் 1977இல் 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில் மேனுவல்' கொண்டுவந்தது அதே வழியில்தான்.

இப்படிப் பக்கத்துக் கதவு வழியாக வந்த உரிமத்துக்கு வேலி உண்டு. கப்பல் உண்டு, கிளிங்கான் உண்டு, ரோமுலன் உண்டு. கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் கிடையாது. அவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது. 1979 டிசம்பரில் முதல் ஸ்டார் டிரெக் சினிமா வந்தது. அதில் வரும் எதுவும் இந்த ஆட்டத்துக்குள் வர முடியாது. 1987இல் தொடங்கிய புதிய தொடரில் கிளிங்கான்கள் நண்பர்களாகிவிட்டார்கள். அமரில்லோவுக்கு அந்தச் செய்தி எட்டவே இல்லை. அங்கே கிளிங்கானும் ஃபெடரேஷனும் 'ஜெனரல் வார்' என்ற பெரும்போரில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பழைய தொடரில் இல்லாத ஹைட்ரன், லைரன் மாதிரி சாம்ராஜ்யங்களை கோலும் கூட்டாளிகளும் சொந்தமாக உண்டாக்கினார்கள். ஒரே விதையிலிருந்து இரண்டு மரம். வேலி போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அந்த இடத்தையே ஆழமாகத் தோண்டுவதைத் தவிர வழியில்லை. தோண்டினார்கள்.

எவ்வளவு ஆழம்? பைக்குள் அடங்கிய விதிப்புத்தகம் 1983இன் கமாண்டர்ஸ் பதிப்பு, 1990இன் கேப்டன்ஸ் பதிப்பு என்று வளர்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆனது. ஒவ்வொரு விதிக்கும் எழுத்தும் எண்ணும், உட்பிரிவும் அதற்குள் உட்பிரிவும். கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

ஆனால் நடுவில் இருக்கும் யோசனை எளிமையானது: பட்ஜெட். ஃபெடரேஷனின் ஹெவி குரூசரை எடுத்துக்கொள்வோம். வார்ப் இன்ஜின்களிலிருந்து 30 அலகு ஆற்றல், இம்பல்ஸ் இன்ஜினிலிருந்து 4, உலையிலிருந்து 2. ஆக மொத்த வரவு 36. இனி செலவு. மாலுமிகள் மூச்சுவிட 1, குறிபார்க்கும் கருவிக்கு 1, கேடயங்களுக்கு 2. இந்த நாலும் வாடகை மாதிரி, தவிர்க்க முடியாது. நாலு ஃபோட்டான் டார்பிடோக்களை ஏற்ற, ஒன்றுக்கு 2 வீதம் 8. அதுவும் இந்தச் சுற்றோடு முடியாது, அடுத்த சுற்றிலும் 8 கட்டினால்தான் சுட முடியும். ஆறு ஃபேசர்களை நிரப்ப 6. கூட்டினால் 18. மிச்சம் 18. ஒரு கட்டம் நகர ஒரு அலகு, ஆகவே வேகம் 18. இல்லை, உச்ச வேகமான 31இல்தான் பறப்பேன் என்றால் வாடகை போகக் கையில் நிற்பது 1. வேகமாக ஓடும் கப்பலுக்குப் பல் இல்லை, பல் உள்ள கப்பலுக்குக் கால் இல்லை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இந்தக் கணக்கை எதிரிக்குக் காட்டாமல் எழுத வேண்டும். எழுதிய பிறகு மாற்ற முடியாது, கொஞ்சம் பேட்டரி சேமிப்பைத் தவிர. மாசம் ஒன்றாம் தேதி கவரில் பணத்தைப் பிரித்து வைக்கும் அம்மாக்கள் இந்த ஆட்டத்தில் கொடி நாட்டியிருப்பார்கள்.

கிளிங்கான் கப்பலின் கணக்கு வேறு. அதன் டிஸ்ரப்டருக்கும் 2 அலகுதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சுடலாம். அடி சின்னது. ஆகவே கிளிங்கான் தூரத்தில் நின்று, வளைந்து வளைந்து, சில்லறை சில்லறையாக அடிக்கும். ஃபெடரேஷன் கிட்டே வந்து மொத்தமாக ஒரே அடியில் முடிக்கப் பார்க்கும். இரண்டு இனங்களின் குணமும் வசனத்தில் இல்லை, மின்சாரக் கட்டணத்தில் இருக்கிறது!

இன்னொரு பழைய தலைவலியையும் இந்த ஆட்டம் தீர்த்தது. நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று ஆடினால் ஒருவர் இருபது கட்டம் ஓடி எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிடலாம். எதிரி சிலை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அபத்தம். கோலின் தீர்வு, ஒரு சுற்றை 32 துணுக்குகளாக நறுக்குவது. வேகம் 16 என்றால் இரண்டு துணுக்குக்கு ஒரு முறை நகரும். வேகம் 8 என்றால் நாலுக்கு ஒரு முறை. யார் எப்போது நகர்வார் என்பதற்கு ஒரு பெரிய அட்டவணை. எல்லாக் கப்பல்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகர்கின்றன. எந்தத் துணுக்கிலும் சுடலாம். நம்புவதற்கு ஏற்ற போர் கிடைத்தது. விலை? நேரம். ஒரு சண்டைக்கு ஒரு மாலைப்பொழுது முழுசாகப் போய்விடும். ஐந்து பேர் சேர்ந்தால் விடிந்துவிடும்.

அறுகோணம் இந்த ஆட்டத்தில் தரையோடு நிற்கவில்லை, கப்பலுக்குள்ளேயே ஏறிவிட்டது. கட்டத்துக்கு ஆறு பக்கம் என்பதால் கப்பலுக்கும் ஆறு கேடயங்கள். முன்னால் 1, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 6 வரை. அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தக் கேடயத்தின் பெட்டிகளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கேடயம் போய்விட்டால் அந்தப் பக்கத்தை எதிரிக்குக் காட்டாமல் திரும்பித் திரும்பி ஓடுவதே பெரும் கலை. தேன்கூட்டு வடிவம் இல்லாவிட்டால் கேடயங்கள் நாலா, எட்டா, யாருக்குத் தெரியும்? விண்வெளிக்கு ஆறு பக்கம் வந்தது அச்சகத்தில்தான்.

இந்த ஆட்டத்துக்கான உலோகக் கப்பல்களும் 'ஸ்டார்லைன் 2200' என்ற பெயரில் வந்தன. அழகு கூடியது. விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அட்டைத் துண்டு இருந்த கட்டத்தில் அதே திசையைப் பார்த்து ஒரு பொம்மை. ஒரு உண்மை இதில் இருக்கிறது. அறுகோண ஆட்டத்தில் மினியேச்சர் என்பது ஆடை மாதிரி, உடம்பு அட்டவணைதான்.

கம்பெனிக் கதை அவ்வளவு ஒழுங்காகப் போகவில்லை. கோல் 1983இல் அமரில்லோ டிசைன் பியூரோ என்று தனியாக ஒரு நிறுவனம் வைத்து, விளையாட்டை எழுதிக் கொடுப்பவராக மாறினார். அச்சிட்டு விற்கும் டாஸ்க் ஃபோர்ஸ் கைமாறியது. ஒரு கட்டத்தில் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியின் கையில் இருந்தது, பிறகு அங்கிருந்தும் போய், 1990களில் ஓய்ந்தது. எழுதியவர் ஒரு பக்கம், அச்சிடும் உரிமை இன்னொரு பக்கம் என்று நின்ற ஆட்டம் 1999இல்தான் அமரில்லோ டிசைன் பியூரோவின் கைக்கு முழுசாக வந்து சேர்ந்தது. அதே வருடம் இன்டர்பிளே வெளியிட்ட 'ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டும் இதே விதிகளின் மேல் கட்டியதுதான். 32 துணுக்குகளையும் 36 அலகுகளையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. மேசையில் மணிக்கணக்கில் நடந்தது திரையில் நிமிடக்கணக்கில் முடிந்தது. 2005இல் கோலின் நிறுவனமே 'ஃபெடரேஷன் கமாண்டர்' என்ற சுருக்கிய வடிவத்தைக் கொடுத்தது. 32 துணுக்குகள் 8 ஆகின. முன்கூட்டியே பட்ஜெட் எழுதும் சடங்கு போய், செலவு வரும்போது கையிருப்பிலிருந்து கழித்துக்கொள்ளும் முறை வந்தது. ஆட்டம் வேகமானது. ஆனால் தப்பாகப் பட்ஜெட் போட்டுவிட்டு, டார்பிடோவைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாமல் விழிக்கும் அந்த அரிய சோகமும் குறைந்துபோனது. நியாயமாகப் பார்த்தால் பழையதுதான் ஆட்டம், புதியது அதன் நல்ல சுருக்கம்.

1979இல் அதே டாஸ்க் ஃபோர்ஸ் வெளியிட்ட, அதே கோல் உருவாக்கிய இன்னொரு விளையாட்டு 'ஸ்டார்ஃபயர்'. இதில் கப்பலுக்குப் படமே கிடையாது, ஒரு வரி எழுத்துகள்தான். எஸ் என்றால் கேடயம், ஏ என்றால் கவசம், ஐ என்றால் இன்ஜின் என்று ஒவ்வொரு எழுத்தும் ஒரு உறுப்பு. அடி விழ விழ இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசி எழுத்து போனால் கப்பல் போயிற்று. ஒற்றை வரியில் ஒரு போர்க்கப்பலை எழுதிவிடலாம் என்பதால் பெரிய கப்பற்படைகளை மோதவிட இது வசதி. இந்த ஆட்டத்துக்காக உழைத்தவர்களில் ஒருவர் டேவிட் வெபர். இதன் உலகத்தை வைத்து ஸ்டீவ் வைட்டுடன் சேர்ந்து எழுதிய 'இன்சரெக்‌ஷன்' 1990இல் வந்தது. 1993இல் வெபர் தனியாக ஒரு நாயகியை உருவாக்கினார்: ஹானர் ஹாரிங்டன். அந்தத் தொடர் பெரும் வெற்றி. அறுகோண மேசையில் எழுத்துகளை அடித்துக்கொண்டிருந்தவர், விற்பனையில் உச்சம் தொட்ட நாவலாசிரியர் ஆகிவிட்டார்.

ஆனால் அவர் கதையில் வரும் கப்பல்கள் இதுவரை சொன்ன எந்த மேசையிலும் சரியாக உட்காரவில்லை. அவற்றின் மேலும் கீழும் எந்த ஆயுதமும் ஊடுருவ முடியாத ஈர்ப்புப் பட்டைகள். பக்கவாட்டுத் தடுப்பு அவ்வளவு பலமில்லை. முன்னும் பின்னும் திறந்தே கிடக்கும். ஆபத்து வந்தால் கப்பல் உருண்டு படுத்து, பட்டையைக் குடையாகப் பிடித்துக்கொள்ளும். தட்டையான தாளில் கப்பல் எப்படி உருளும்? ஆறு பக்கம் போதாது, மேலும் கீழும் வேண்டும்.

விடை கொடுத்தவர் கென் பர்ன்சைட். அவருடைய ஆட் ஆஸ்ட்ரா கேம்ஸ் 2004இல் வெளியிட்ட 'அட்டாக் வெக்டார்: டாக்டிகல்' விட்டுப்போன நியூட்டனைத் திரும்ப உள்ளே அழைத்ததோடு மூன்றாவது பரிமாணத்தையும் சேர்த்தது. கீழே அதே அறுகோணத் தாள். உயரத்துக்கு, கப்பலின் அடியில் அடுக்கும் வில்லைகள். மூக்கு மேல்நோக்கியா கீழ்நோக்கியா, எவ்வளவு உருண்டிருக்கிறது என்று காட்டச் சாய்வாக வெட்டிய கட்டைகள். கப்பலைச் சுற்றிய கோளத்தைத் தட்டையாக்கி வட்டங்களாக வரைந்த ஒரு படம், எதிரி எந்தப் பக்கம், எந்தச் சாய்வில் இருக்கிறான் என்பதைக் காட்டும். சாய்தூரத்துக்குப் பிதாகரஸைக் கணக்குப்போட வேண்டாம், அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். ஆயுதம் சுட்டால் வெப்பம் சேரும், அதைக் கழிக்க ரேடியேட்டர் விரிக்க வேண்டும், விரித்தால் அதை எதிரி சுடுவான். இந்த அமைப்பின் மேல்தான் 2005இல் ஹானர் ஹாரிங்டன் உலகத்துக்கான 'சகனாமி ஐலண்ட் டாக்டிகல் சிமுலேட்டர்' வந்தது. வெபரின் கப்பல்கள் கடைசியில் உருண்டன.

இதெல்லாம் நடக்கும்போது எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. இங்கிலாந்தில் ஜான் டஃப்லி 1990களின் தொடக்கத்தில் 'ஃபுல் திரஸ்ட்' கொண்டுவந்தார். அறுகோணம் வேண்டாம், அளக்கும் டேப் போதும். மெல்லிய விதிப்புத்தகம், பெரிய கடற்படை, ஒரே மாலையில் முடியும் போர். விதிகளைப் பிற்பாடு இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார், பொம்மைகளை விற்றார். (சவரக்கத்தியை இலவசமாகக் கொடுத்து பிளேடை விற்பது என்று மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்வார்களே, அது.) 1997இல் ஏஜென்ட்ஸ் ஆஃப் கேமிங் வெளியிட்ட 'பாபிலோன் 5 வார்ஸ்' அறுகோணத்தின் பக்கம் நின்றது. 1999இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் 'பேட்டில்ஃப்ளீட் காதிக்' டேப்பின் பக்கம். வசதியான கம்பெனிகள் டேப்பின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கடினமில்லை. தாளில் அச்சடித்த கட்டம் ஒரு முறைதான் விற்கும். பொம்மை திரும்பத் திரும்ப விற்கும்.

அந்தக் கணக்கின் உச்சம் 2012இல் ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் 'எக்ஸ்-விங்'. பெயின்ட் அடித்தே வரும் பிளாஸ்டிக் விமானங்கள். கட்டமும் இல்லை, டேப்பில் எண்ணுவதும் குறைவு. வளைவு வளைவான அட்டை அச்சுகளைக் கப்பலின் மூக்கில் வைத்து, அதன் மறுமுனையில் கப்பலை நிறுத்தினால் நகர்வு முடிந்தது. பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அறுகோண ஆட்டங்கள் அத்தனையும் சேர்ந்து எட்டாத கூட்டத்தை அது பிடித்தது. 2024இல், அப்போது அதைக் கையில் வைத்திருந்த அட்டாமிக் மாஸ் கேம்ஸ், இனி புதிதாக எதுவும் வராது என்று அறிவித்தது. அதன் அண்ணன் ஆட்டமான 'ஆர்மடா'வுக்கும் (2015) அதே நாளில் அதே கதி. அலமாரி நிறைய வாங்கி வைத்தவர்கள் தாங்களே விதிகளைப் பராமரிக்கும் வேலையில் இறங்கினார்கள்.

டிரைபிளானெட்டரியை வெளியிட்ட ஜிடிடபிள்யூ 1996இலேயே மூடிவிட்டது. 1981இல் வந்த இரண்டாம் பதிப்புக்குப் பிறகு அந்த ஆட்டம் பழைய பெட்டிகளிலும் பழைய ஆட்டக்காரர்களின் ஞாபகத்திலும்தான் இருந்தது. 2018இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ், கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி அதை மறுபடி அச்சடித்தது. சூரியனிலிருந்து வியாழன் வரை அதே வரைபடம், அதே அறுகோணங்கள். நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் முதன்முறை ஆடுகிறவரின் கப்பல் செவ்வாயைத் தாண்டித்தான் போகிறது.